அண்ணன் பிடுங்கி வந்த மரக்கால்

'தானே' புயல் ஓய்ந்த நாலாம் நாள் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். கடலூருக்குத் தெற்கே, சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய மீனவக் குப்பம் எங்களுடையது. அண்ணன் வீட்டுக் கூரையைக் காணோம். எதிரே இருந்த மணல்மேட்டையும் காணோம். கடல் அரித்துப்போன அந்த இடத்தில் கறுத்த மரக்கால்கள் வட்டமாக ஊன்றி நின்றன. பதினேழு எண்ணினேன். அப்படி ஒன்று அங்கே இருந்தது ஊரில் யாருக்கும் தெரியாது.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. செல்போனில் எடுத்த படத்தை வரலாற்றுப் பேராசிரியரிடம் காட்டினேன். வெள்ளைக்காரன் காலத்துப் படகுத்துறையாக இருக்கும் என்றார்.

"படகுத்துறைய வட்டமாவா சார் கட்டுவாங்க?"

அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார். அடுத்த வாரம் தேர்வு வேலை. அதற்கடுத்த வாரம் அவர் மைத்துனர் வீட்டுக் கல்யாணம். யாரையும் தொடவிடாதே என்று அண்ணனுக்குப் போன் மேல் போன் போட்டேன். ஒவ்வொரு முறையும் "ம்" என்றார்.

ஒரு மாதம் கழித்துப் பேராசிரியரோடு போய் இறங்கினால், பதினொன்றுதான் நின்றன. ஐந்தைப் படகுகளைக் கயிற்றால் கட்டிப்போட எடுத்துப் போயிருந்தார்கள். மிச்சம் ஒன்று அண்ணன் வீட்டு அடுப்படியில் புதுக் கூரையைத் தாங்கிக்கொண்டிருந்தது. அண்ணி அதில் ஆணி அடித்து வெங்காயப் பையை மாட்டியிருந்தார்.

"எத்தன தடவ சொன்னேன்?" என்று கத்திவிட்டேன்.

"நீ போட்டோ புடிச்சிட்டு பஸ் ஏறிட்ட. மழ எங்க தலையில இல்ல பேஞ்சுது" என்றார் அண்ணன்.

அவர் சொன்னது உண்மைதான். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

பேராசிரியர் அதற்குள் தரையில் மண்டியிட்டு மரத்தின் அடியைத் தடவிக்கொண்டிருந்தார். இரும்பு பட்ட வெட்டு இல்லை, கல் கோடாரியால் செதுக்கியது போலிருக்கிறது என்றார். பிறகு என்னைப் பார்த்து, இதைக் காயவிட்டிருக்கக் கூடாது, தண்ணீரிலேயே வைத்திருக்க வேண்டும், முன்பே சொல்லியிருக்கலாமே என்றார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வயதைக் கணிக்க ஒரு துண்டு வேண்டும் என்றார். அண்ணனே ரம்பம் கொண்டுவந்தார், கூரையைத் தோளால் தாங்கிப் பிடித்தார். "ஜாஸ்தி ஆட்டாதீங்க சார்" என்றார் அண்ணி. நாலு விரற்கடை அறுத்தெடுத்தோம். குறைந்த உயரத்துக்குக் கீழே செங்கல் வைத்தோம்.

ஆய்வகத்திலிருந்து முடிவு வர ஆவணி ஆகிவிட்டது. இந்தப் பக்கம் இரும்பு வருவதற்கு வெகுகாலம் முந்தைய மரமாம். பேராசிரியர் மூச்சிரைக்க நூலகத்துக்கு வந்து, வட்டம் முழுவதையும் தோண்ட வேண்டும், நாளைக்கே போகலாம் என்றார்.

கடலரிப்பைத் தடுக்க ஆனியிலேயே லாரி லாரியாகப் பாறை கொண்டுவந்து அங்கே கொட்டிவிட்டார்கள் என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அவர் மேசையில் மூன்று முறை சீட்டு எழுதி வைத்திருந்தேன். அதைச் சொல்லக்கூட அலுப்பாக இருந்தது.

அன்று சாயங்காலமே அண்ணனுக்குப் போன் செய்து, அடுப்படி மரத்தையாவது பத்திரமாக வைத்திருங்கள் என்றேன்.

"வேற கால் குடுத்துட்டு தூக்கிட்டுப் போ" என்றார்.