சாருக்குப் போட்ட அதே கையில்

என் தம்பிக்குப் பீச்சாங்கைப் பழக்கம். சாப்பிடுவது, எழுதுவது, பல் தேய்ப்பது எல்லாம் இடது கைதான். ஆராய்ச்சிக்கூடத்தில் அவனுடைய வேலை, சதைத் துண்டை வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவது. பலமாக மூச்சுவிட்டால் கிழிந்துவிடும். அங்கே ஆராய்ச்சி செய்த டாக்டர்தான் அவனுக்குப் 'பீச்சாங்கை' என்றே பேர் வைத்தார். கூப்பிட்டால் இவன் பல்லைக் காட்டிக்கொண்டு ஓடுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டாக்டர் கண்டுபிடித்தது நரம்பை மரத்துப்போகச் செய்யும் மருந்து. ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு வலி தெரியாமல் இருக்குமாம். முதலில் தனக்கே ஊசி போட்டுக்கொண்டார். எழுத வலது கை வேண்டுமே, அதனால் இடது கையில். அது சில நாள் மரக்கட்டையாகக் கிடந்துவிட்டுப் பழையபடி அசைந்தது. எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். தைரியசாலிதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. தைரியசாலி நல்லவனாகவும் இருப்பான் என்று நம்பியதுதான் எங்கள் வீட்டுக்குப் பிடித்த சனி.

அடுத்தவர் உடம்பில் போட மேலிடத்து அனுமதி வேண்டும். தன் உடம்பென்றால் கேட்க நாதியில்லை. டாக்டர் வாய்விட்டு யாரையும் கேட்கவில்லை. "ஒரே உடம்பை வச்சு என்ன சொல்ல முடியும்?" என்று தன் கையைத் தடவியபடி, தம்பி காதில் விழும்படி பெருமூச்சு விட்டார். அது போதாதா? தனக்கே குத்திக்கொண்டவர் முன்னால் எனக்குப் பயம் என்று எவன் சொல்வான்? தம்பி சட்டைக் கையைச் சுருட்டினான்.

எந்தக் கை? சாருக்குப் போட்ட அதே கை. அப்போதுதான் ஒப்பிட முடியுமாம். பேர் வைத்த மனுஷனுக்கே அந்த நேரத்தில் அது ஞாபகம் வரவில்லை.

தம்பியின் விரல்களில் பிடிமானம் திரும்பவே இல்லை. கத்தி நழுவியது. வேலையில் வந்த பாதிப்பு என்றால் ஆபீஸில் வைத்தியமும் வேறு வேலையும் கொடுப்பார்கள். இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் டாக்டர் அறைக்கே போனேன்.

"நீங்க ஊசி போட்டதா ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லுங்க சார். அது போதும்."

"எனக்கு மட்டும் ஆபத்து இல்லையாம்மா? நானும்தானே போட்டுக்கிட்டேன்."

"உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா பேராவது மிஞ்சியிருக்கும். அவனுக்கு என்ன சார் மிச்சம்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உங்க தம்பியையே கேளும்மா."

கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். வேலை போயிற்று.

பிறகு டாக்டருக்குப் பாராட்டு விழா. தம்பி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். பொத்தானை நான்தான் மாட்டிவிட்டேன். திரும்பி வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"என் உடம்புல மட்டும்தான் சோதிச்சேன், ஒரு குறையும் வரலைன்னு மேடையில சொல்றாருக்கா. இனிமே ஆஸ்பத்திரியில நோயாளிங்களுக்குப் போடப் போறாங்களாம்."

"இப்பவாவது போய் உண்மையைச் சொல்லுடா."

"யாரு நம்புவா? கை முன்னாடியே சரியில்லைன்னு ஆபீஸ்ல சொன்னதே நான்தான். பரிசு வர்ற நேரம், கெடுத்துடாதேன்னு சார் கேட்டுக்கிட்டாரு."

ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. அவன் அழ ஆரம்பித்திருந்தான்.

"ரெண்டு பேருக்குப் போட்டதுல ஒருத்தனுக்குக் கை போச்சு. அது நமக்கும் அவருக்கும்தான்கா தெரியும்."