'கவிழ்ந்தது' என்று எழுத விடாதவர்

ரெஜினா டீச்சர் இறந்துவிட்டார் என்று அவர் தங்கை போனில் சொன்னபோது நான் மார்த்தாண்டத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஹாரன் சத்தத்தில் அவளை மறுபடியும் சொல்ல வைத்தேன். முந்தின நாள்தான் அவரோடு சண்டை போட்டுப் போனை வைத்திருந்தேன். சண்டையைப் பாதியில் விட்டுப் போகிற ஆளே அல்ல அவர். எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

ஒரே பள்ளியில் இருவரும் இங்கிலீஷ் எடுத்தோம். அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு கேள்வித்தாளைக்கூட நேரத்துக்கு அச்சுக்கு விடமாட்டார். "அச்சாகிப் போனா அழிக்க முடியுமாட்டி?" என்பார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அந்தக் கல் விஷயம் இன்னும் மோசம். புயலில் ஆட்களோடு போன மீன்பிடி வள்ளத்துக்கு எங்கள் கடற்கரையில் நினைவுக்கல் வைப்பதாக முடிவாயிற்று. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் அனுப்பிய இங்கிலீஷ் வாசகத்தில் வள்ளம் 'ஃபவுண்டர்' (founder) ஆனதாக இருந்தது. தமிழில் எழுதும் வேலை எங்கள் இருவருக்கும். நான் 'கவிழ்ந்தது' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கல் கொத்துகிறவர் உளியை எடுத்த பிறகு இவர் போய்த் தடுத்து நிறுத்தினார்.

"ஃபவுண்டர்ங்கிறது தண்ணி நெறஞ்சு தாழ்ந்து போறதைச் சொல்லுத வார்த்த. கவுந்துதுன்னு வெட்டினா சுக்கான் பிடிச்சவன் தலையிலதான் பழி விழும்."

"ஏட்டி, திறப்புக்கு பிஷப்பு வாறாரு. இதையெல்லாம் யாரு படிக்கப் போறா?" என்றேன் நான்.

"அவனுக்க அம்மைக்கு படிக்கத் தெரியும்."

சுக்கான் பிடித்த பையனின் அசட்டையால்தான் எல்லோரும் போனார்கள் என்று ஊரில் ஏற்கெனவே ஒரு பேச்சு இருந்தது. ரெஜினா அதோடு விடவில்லை. பிழைத்து வந்த ஒரே ஆளைத் தேடிப் போய்க் கேட்டார். கடைசிவரை அவன் வள்ளத்தை நேராகத்தான் வைத்திருந்தான், தண்ணீர் ஏறித்தான் போயிற்று என்று அந்த ஆள் சொன்னார். திறப்பு விழா தள்ளிப்போனது. கமிட்டிக்காரர்களிடம் வசவு வாங்கியது நான். 'நீர் புகுந்து மூழ்கியது' என்று வெட்டினார்கள். அதன்பின் அந்தப் பேச்சு மெல்ல அடங்கியது.

அடக்கத்துக்கு அந்தப் பையனின் அம்மா வந்திருந்தார். எல்லோரும் கலைந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சருக்க கல்லுல என்ன எழுதப் போறிய?"

வழக்கமாக எழுதுகிற வரி ஒன்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், அவர் தங்கை தினமும் போன் செய்து திட்டுகிறாள். ரெஜினாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பாழாய்ப்போன தாமதம்தான்.