செஸ் கிளாஸுக்குப் பூக்கட்டிப் பார்த்தவர்

கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் பெரியண்ணனைத் தெரியாதவர்கள் கிடையாது. கமிஷன் கடையில் எடை போடுகிறவர். விடிந்தும் விடியாத நேரத்தில் சுற்றுவட்டார விவசாயிகள் வண்டியில் கட்டிக்கொண்டுவந்து கொட்டும் மல்லிகை, முல்லை, சம்பங்கி எல்லாம் அவர் கை பட்டுத்தான் வெளியூர் போகும். பதினாறு வருஷமாக இதே வேலை. குவியலுக்குள் கையை விட்டு ஒரு அள்ளு அள்ளினால், இது நேற்றுப் பறித்ததா இன்று பறித்ததா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். ஆனால் வாசனை மட்டும் அவருக்குத் தெரியாது. பூவுக்குள்ளேயே கிடந்து மூக்கு என்றைக்கோ மரத்துப்போய்விட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "என்னண்ணே, கல்யாண வீட்டுக்கா?" என்பார். இவர், "இல்லீங்க, ரேஷன் கடைக்கு" என்பார்.

ஆள் பாதி நேரம் இந்த உலகத்தில் இருக்க மாட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தராசில் தட்டு ஆடி நிற்பதற்குள் மனசு எங்கேயோ போய்விடும். வெள்ளை வெளேரென்று கிடக்கும் பூக்குவியலைப் பார்த்தபடி உதட்டில் லேசாக ஒரு சிரிப்போடு நிற்பார். "பெரியண்ணே, எங்கிட்டு இருக்கீங்க?" என்று யாராவது தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பி வருவார். எடை மட்டும் ஒருநாளும் தப்பியதில்லை. அதனால் முதலாளியும் கண்டுகொள்வதில்லை.

இந்தக் கனவுக்குள் சமீபத்தில் கட்டங்கள் புகுந்துவிட்டன. அதற்குக் காரணம் அவருடைய ஒரே மகள் இலக்கியா. நாலாம் வகுப்பு. நாலு பேருக்கு நடுவில் வாயைத் திறக்கமாட்டாள், ஆனால் பள்ளிக்கூடத்துச் செஸ் போர்டு முன்னால் உட்கார்ந்தால் ஏழாம் வகுப்புப் பையன்களை எழுப்பி விட்டுவிடுவாள். கடைசியில் பி.டி. சாரையே இரண்டு தடவை தோற்கடித்தாள். சார் பெருந்தன்மையான மனிதர். பெரியண்ணனைக் கூப்பிட்டு, "எனக்குத் தெரிஞ்சது இம்புட்டுத்தாங்க. இனிமே ஆன்லைன்ல நல்ல கிளாஸாப் பாத்துச் சேத்து விடுங்க" என்று சொல்லிவிட்டார்.

நல்ல கிளாஸ் எது என்று சார் சொல்லவில்லை. போனில் தேடிப் பார்த்தால் நூறு வருகிறது. ஒவ்வொன்றிலும் கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை கோப்பையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறது. பெரியண்ணனின் மனைவி இந்துமதி பி.எஸ்ஸி. படித்தவள், அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். அவள்தான் நூறைச் சலித்து இரண்டாக்கினாள். ஒன்று சென்னைக் கம்பெனி. இன்னொன்று அன்னவாசலில் வீட்டிலிருந்தபடியே போன் வழியாகச் சொல்லித்தரும் பிளெஸ்ஸி மிஸ். இரண்டு இடத்திலும் முதல் மூன்று கிளாஸ் இலவசம், அதற்குப் பிறகு கட்ட வேண்டியதும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் காசை வைத்து முடிவெடுக்கவும் வழியில்லாமல் போயிற்று.

சென்னைக் கிளாஸ் சுத்தமான இங்கிலீஷ். ஸ்கிரீனில் எட்டுப் பிள்ளைகளின் முகம் சின்னச் சின்னதாக இருக்கும். சார் கடகடவென்று பேசுவார். பெற்றோர் பக்கத்தில் உட்காரக் கூடாது, பிள்ளை ஹெட்போன் போட்டிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பெரியண்ணன் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கிரீன் வெளிச்சம் அவள் கன்னத்தில் மாறி மாறி விழுந்தது. அவ்வப்போது "யெஸ் சார்" என்று தலையை ஆட்டினாள். அவள் ஏதோ ஒரு ஊருக்குள் போய்விட்ட மாதிரியும், தான் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரியும் அவருக்கு இருந்தது. இந்துமதிக்கோ அந்த "யெஸ் சார்" காதில் தேனாகப் பாய்ந்தது.

பிளெஸ்ஸி மிஸ் கிளாஸ் வேறு மாதிரி. குக்கர் விசில் கேட்கும், சில சமயம் அவருடைய கைக்குழந்தை அழும். "இருங்கடா செல்லம், வாரேன்" என்று எழுந்து போய்விட்டு வருவார். ஹெட்போன் சட்டமெல்லாம் இல்லை. போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்து இலக்கியா உட்கார, பெரியண்ணன் அவளுக்குப் பின்னால் படம் விழாத இடமாகப் பார்த்துச் சம்மணம் போட்டுக்கொண்டார். பத்து நிமிஷம்தான் சும்மா இருக்க முடிந்தது.

"மிஸ்ஸு, மத்ததெல்லாம் ஆள் குறுக்க நின்னா நின்னுடுது. குதிரை மட்டும் ஏன் தாண்டுது?"

இந்துமதி அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்து சைகையாலேயே அதட்டினாள். மிஸ் சிரித்தார். "யாரு அது? நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு, குதிரையை மட்டும் யாராலும் மறிக்க முடியாததால்தான் நெரிசலான ஆட்டத்தில் அதற்கு மவுசு அதிகம் என்பதைக் கால்மணி நேரம் காய் நகர்த்திக் காட்டினார். அடுத்த கிளாஸில் இன்னொரு கேள்வி. "அந்த மந்திரி ரொம்ப நேரமா ஒரே எடத்துல நிக்கிறாரே, காலைக் கட்டிப் போட்டீங்களா?"

"அவரு நகந்தா பின்னாடி நிக்கிற ராஜா மாட்டிக்குவாருங்க. அதான் நகர முடியாம நிக்கிறாரு."

இந்தப் பதில் பெரியண்ணனை என்னவோ செய்துவிட்டது. மறுநாள் முழுக்க மார்க்கெட்டில் அதே நினைப்பு. ஒருவர் ஒன்றுமே செய்யாமல் நிற்பதுகூட ஆட்டத்தில் ஒரு வேலை என்பது அவருக்குப் பெரிய ஆச்சரியம். முல்லைக் குவியல் ஒரு கட்டமாகவும் சம்பங்கிக் குவியல் ஒரு கட்டமாகவும் தெரிந்தது. இடையில் நடந்த ஆட்களெல்லாம் காயாகத் தெரிந்தார்கள். மத்தியானம் கடைப் பெஞ்சில் கண் அசந்தபோது மார்க்கெட்டே தரையிலிருந்து மெல்ல எழும்பி மிதந்தது. பூமூட்டையோடு வந்தவர்கள் குறுக்குக் கட்டத்தில் மட்டும் நடந்து போனார்கள். யாரும் யாரையும் இடிக்கவில்லை. எழுந்த பிறகும் வெகுநேரம் அந்தச் சுகம் உடம்பில் இருந்தது.

அவருக்கு அன்னவாசல்தான் பிடித்திருந்தது என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஏன் பிடித்தது என்று தன்னையே கேட்டுக்கொண்டபோது கிடைத்த பதில் அவருக்கு உறுத்தலாக இருந்தது. அந்தக் கிளாஸ் அவருக்குப் புரிகிறது, அவ்வளவுதான். மகள் போகிற ஊருக்குள் தானும் போய் உட்கார்ந்துகொள்ளலாம். அது தன்னுடைய ஆசையே தவிர பிள்ளைக்கு நல்லதென்று ஆகிவிடுமா?

இந்துமதியின் நியாயம் வேறு. புதுக்கோட்டைக் காலேஜில் மூன்று வருஷம், மேடம் இங்கிலீஷில் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உட்கார்ந்திருந்தவள் அவள். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை, எழுந்து கேட்கவும் தைரியம் வரவில்லை. "நான் பட்ட பாடு எம் பொண்ணு படக் கூடாதுங்க. செஸ்ஸோட சேந்து இங்கிலீஷும் வந்துரும்" என்றாள். பெரியண்ணனுக்கும் மனசுக்குள் அவள் சொல்வதுதான் சரி என்று பட்டது.

பேசிப் பேசி மூன்று வாரம் ஓடியது. சென்னையிலிருந்து தினமும் மெசேஜ் வந்தது. பிளெஸ்ஸி மிஸ் ஒரே ஒரு தடவை, "பாப்பா வருவாளா?" என்று கேட்டிருந்தார். எது தோன்றியதோ இல்லையோ, இலக்கியாவிடம் கேட்கலாம் என்று மட்டும் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

"ஐயனாருகிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றாள் இந்துமதி.

போர் போட இடம் பார்த்தபோதும் இப்படித்தான், அவள் தம்பிக்குப் பெண் பார்த்தபோதும் இப்படித்தான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் என்று கட்டிச் சாமி முன்னால் வைத்து, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வருகிறதோ அதுதான் உத்தரவு, அதற்குமேல் அப்பீல் கிடையாது. செஸ் கிளாஸுக்கு இதுவரை யாரும் ஐயனாரைத் தொந்தரவு செய்ததில்லை. சாமிக்கு எத்தனையோ வேலை, இதையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் கிளம்பினார்கள்.

ஊர் எல்லையில் மரங்களுக்கு நடுவே கோயில். போகிற வழியின் இரண்டு பக்கமும் நேர்த்திக்கடனுக்கு வைத்த மண் குதிரைகள். புதியவை சுண்ணாம்பு வெள்ளையோடும் பழையவை சாயம் போய்ச் செவேலென்றும் நின்றன. இலைகளுக்கிடையே விழுந்த வெயில் தரையில் வெளிச்சமும் நிழலுமாகக் கிடந்தது. காற்று அசைந்தபோது குதிரைகளும் ஒரு அடி எடுத்து வைப்பது போல இருந்தது. பெரியண்ணன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். இந்துமதி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"வெள்ளை வந்தா சென்னை, செவப்பு வந்தா அன்னவாசல்" என்று அவள் எல்லோருக்கும் கேட்கும்படி சாமியிடம் சொன்னாள். பூசாரி அரளிப் பூவோடு இரண்டு வாழையிலைத் துண்டையும் நாரையும் நீட்டி, "பூக்காரரு கையாலயே கட்டுங்க" என்றார். பெரியண்ணன் பூவோடு மரத்துக்குப் பின்னால் போனார்.

கையில் வெள்ளை அரளி நாலைந்து, சிவப்பு அரளி ஒன்று. அந்தச் சிவப்பைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பயம் வந்தது. சிவப்பு வந்துவிட்டால் அவருக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் நாளைக்கு எங்கேயோ ஒரு சபையில் பிள்ளை இங்கிலீஷ் வராமல் வாயடைத்து நின்றால்? அப்பன் தன் ஆசையை வேண்டிக்கொண்டான், சாமியும் மனசு இரங்கிக் கொடுத்துவிட்டது என்றுதானே ஆகும். அவர் சிவப்பு அரளியைச் சட்டைப் பையில் போட்டார். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்துக் கட்டினார். பூக்கட்டிப் பார்ப்பதில் ஊரில் எத்தனையோ பேர் தில்லுமுல்லு செய்திருப்பார்கள், ஆனால் தான் தோற்பதற்காகச் செய்த ஆள் இவராகத்தான் இருப்பார்.

பொட்டலங்களைச் சாமி காலடியில் வைத்துத் திருநீறு தூவினார்கள். இலக்கியா கண்ணை மூடி, வலது பக்கம் இருந்ததை எடுத்துப் பிரித்தாள்.

"வெள்ளை!" என்றாள் இந்துமதி, கன்னத்தில் போட்டுக்கொண்டு. பெரியண்ணனும் போட்டுக்கொண்டார். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று காலியானது போல இருந்தது.

வழக்கமாக அத்தோடு முடிந்துவிடும், மிச்சத்தை யாரும் தொடமாட்டார்கள். இலக்கியா குனிந்து இடது பக்கப் பொட்டலத்தையும் எடுத்தாள். செஸ்ஸில் ஒரு நகர்த்தலைப் பார்த்தால் இன்னொன்றையும் பார்க்காமல் விடக் கூடாது என்று பழகிய பிள்ளை. "ஏய், தொடாத" என்று பூசாரி சொல்வதற்குள் பிரித்துவிட்டாள்.

"அப்பா, இதுலயும் வெள்ளைதான் இருக்கு."

இந்துமதி கணவனின் முகத்தைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். அவளுக்குக் கணக்கு உதைத்தது.

"ஒங்களுக்கு அன்னவாசல்தானே புடிச்சுச்சு?"

"புடிச்சுச்சு. அதான் இப்புடி வச்சேன்" என்றார் பெரியண்ணன். "அந்தக் கிளாஸ் எனக்குப் புரியுதுன்னு எனக்கு ஆசை, இந்து. என் ஆசைக்காகப் புள்ளைய இங்கிட்டே புடிச்சு வைக்கலாமா? சாமி பாட்டுக்குச் செவப்பைக் குடுத்துட்டா நான் என்ன பண்றது?"

இலக்கியா இரண்டு கையிலும் இலையைப் பிடித்தபடி நின்றாள். "அப்ப நீங்க கிளாஸுக்கு வர மாட்டீங்களாப்பா?"

"அங்க அப்பா உக்காரக் கூடாதுல்ல ஆத்தா."

"நீங்க வரலைன்னா யாரு கேப்பா?"

"எதை?"

"கேள்வியை." நாலு பேர் முன்னால் பேசாத பிள்ளை, பூசாரி நிற்பதையும் மறந்து பேசினாள். "அந்த சாரு சொல்றது எனக்குப் புரியவே இல்லைப்பா. எல்லாரும் யெஸ் சார்னு சொன்னாங்க, நானும் சொன்னேன். மிஸ் சொல்றதுலயும் எனக்குச் சிலது புரியாது. ஆனா அதை நான் நெனைக்கையிலயே நீங்க கேட்டுருவீங்க. எனக்குக் கேக்க வெக்கமா இருக்கும். ஒங்களுக்குத்தான் வெக்கமே கெடையாதுல்ல."

பூசாரி சிரித்துவிட்டார். பெரியண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் போகிற அந்த ஊருக்குள் தான் அனுமதி இல்லாமல் நுழைந்த ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையோ இவர் வரவேண்டுமென்று உள்ளே காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கண்ணில் நீர் முட்டியது, மறைக்கவும் தோன்றவில்லை.

இந்துமதி மகளின் கையிலிருந்த இரண்டு இலையையும் வாங்கிக் கீழே வைத்தாள். மூன்று வருஷம் தலையாட்டியவளுக்கு, "நானும் சொன்னேன்" என்ற வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் மகளைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பிறகு சாமியைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காத ஐயனாரே" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள்.

"மிஸ், நான் இலக்கியா அம்மா பேசுறேன். செவ்வாக்கிழமையில இருந்து பாப்பா வருவா மிஸ்... அவுங்க அப்பாவும் கூட உக்காருவாரு. நடுவுல எதாச்சும் கேட்டுக்கிட்டே இருப்பாரு, பரவால்லையா?"