நாற்பத்தெட்டுப் பெண்களின் வார்டன்

"நாப்பத்தாறு, நாப்பத்தேழு… அந்த ஈரத்தலை யாரு? ம், நாப்பத்தெட்டு."

சாப்பாட்டுக்கூட வாசலில் நின்று வார்டனம்மா எண்ணி முடிக்கிறார். விரல் நீட்டி எண்ணமாட்டார். விரல் நீட்டினால் மூட்டை எண்ணுவதுபோல் ஆகிவிடும் என்பது அவர் கட்சி. ஒவ்வொரு முகத்தையும் ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் அடுத்த முகத்துக்குப் போவார். இப்படி ஒரு நாளைக்கு நான்கு தடவை. பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயரே "நாப்பத்தெட்டு"தான். அது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. "போன வருஷம் வெறும் முப்பத்தொம்பது. இப்போ பதவி உயர்வு!" என்கிறார்.

பொறியியல் கல்லூரியின் பெண்கள் விடுதியை அவர் பார்த்துக்கொள்கிறார். வயது ஐம்பத்து மூன்று. கோடையில் கல்லூரிப் பெண்கள் வீட்டுக்குப் போனதும் அறைகளெல்லாம் மூன்று வாரத்துக்குக் கோடை முகாமுக்கு வரும் பள்ளிப் பெண்பிள்ளைகள் வசமாகிவிடும். பகல் முழுக்கப் பட்டறையில் குச்சியில் பாலம் கட்டுவார்கள், பேட்டரி வண்டி ஓட்டுவார்கள், கையெல்லாம் கரியோடு இவரிடம் வந்து சேருவார்கள். அந்த மூன்று வாரமும் அவர் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததில்லை.

அவர் செருப்பு கீச்சிடும். மாற்றச் சொன்னால் ஒரே பதில்: "பூனை மாதிரிப் போய்ப் பிடிக்க நான் என்ன போலீஸா? நான் வர்றது தெரிஞ்சா அதுங்களுக்கும் திருந்திக்க ஒரு நிமிஷம் கிடைக்குமில்ல?"

பூசி மெழுகிப் பேசுவது மட்டும் அவருக்கு வராது. "இன்னிக்குச் சாப்பாடு நல்லா இருக்குமா மேடம்?" என்று கேட்டால், "நல்லா இருக்காது. சூடா இருக்கும்" என்பார். வீட்டு நினைப்பில் மூக்கை உறிஞ்சும் பெண்ணிடம், "மூணு நாள் அழுகை வரும். நாலாவது நாள் பசி வரும். அதுவரைக்கும் அழுதுக்கோ" என்று சொல்லி, அவள் அழுது முடிக்கிறவரை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்.

இந்தக் கோடையின் இரண்டாவது வாரம். காலை பத்து மணிக்கு விடுதித் தொலைபேசி அடித்தது. ஒரு பெண்ணின் அப்பா. பேச ஆரம்பித்து, நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார். அவள் அம்மா போய்விட்டார். காலை ஏழு மணிக்கு. மாரடைப்பு.

"உடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லிக் கூட்டிட்டு வந்துடுங்கம்மா. பாக்கியை இங்க வந்து பாத்துக்கலாம்."

வார்டனம்மா தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினார். பத்தொன்பது வயதில் அவரும் ஒரு விடுதியில் இருந்தவர்தான். "அப்பாவுக்குக் காய்ச்சல், வா" என்று அண்ணன் வந்து கூப்பிட்டார். மாத்திரை போடாமல் ஏமாற்றியதற்கு அப்பாவை எப்படியெல்லாம் திட்டப்போகிறேன் என்று வழி முழுக்கச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு போனார். அண்ணன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். அண்ணன் மேல் அவருக்குக் கோபமில்லை. ஆனால் அன்றைய பயணத்தைப் பற்றி இருவரும் இன்றுவரை பேசிக்கொண்டதில்லை.

"நாலு மணி நேரப் பயணம் சார்," என்றார். "வழியெல்லாம் அம்மாவுக்குச் சரியாயிடும்லனு கேப்பா. நான் என்ன சொல்றது?"

எதிர்முனையில் அழுகைச் சத்தம். "எனக்குச் சொல்ல வாய் வரலம்மா."

"நான் சொல்றேன். ஆனா சொன்ன உடனே உங்க குரலை அவ கேக்கணும். போனைக் கையிலயே வெச்சிருங்க."

பட்டறையில் அந்தப் பெண் தரையில் மண்டியிட்டிருந்தாள். அவளும் மூன்று தோழிகளும் காலால் மிதித்துத் தண்ணீர் இறைக்கும் பம்பு ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். பசை தடவிய இரண்டு குழாய்களை ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்திருந்தாள்.

"கொஞ்சம் வெளியே வாம்மா."

"ரெண்டே நிமிஷம் மேடம். இப்ப விட்டா ஒட்டாது, கசியும்."

வார்டனம்மா நின்றார். கையைப் பிடித்து எழுப்பியிருக்கலாம். குழாயைத் தோழி வாங்கிக்கொண்டிருப்பாள். அவர் எழுப்பவில்லை. பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு நொடிகளை எண்ணினாள். நடுவே தோழி ஏதோ சொல்ல, குழாய் அசையாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிகிறவரை வார்டனம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெளியே படிக்கட்டில் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. "அம்மா இறந்துட்டாங்கம்மா. இன்னிக்குக் காலையில."

பெண் அவரையே பார்த்தாள். "எத்தனை மணிக்கு?"

"ஏழு."

"ஏழு மணிக்கு…" அவள் யோசித்தாள். "நான் சிரிச்சுட்டு இருந்தேன் மேடம். மாடி வராண்டாவுல."

"ஆமாம்மா. கீழ வரைக்கும் கேட்டுச்சு. நல்லாத்தான் சிரிச்ச."

அதற்குப் பிறகுதான் அழுகை உடைந்தது. வார்டனம்மா அலைபேசியில் அப்பாவை அழைத்து அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். இரண்டு பக்கமும் அழுகை மட்டும்தான். பத்து நிமிடம் பிடித்திருந்ததில் அவர் கை மரத்துப்போனது.

கல்லூரி வண்டியில் கிளம்பினார்கள். முதல் இரண்டு மணி நேரம் பெண் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு திடீரென்று அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்து, நிறுத்தவே இல்லை. அம்மா கணக்கில் மக்கு. அம்மாவுக்குத் தனியாகச் சாலை கடக்கப் பயம். முகாமுக்கு வேண்டாம் என்று அப்பா சொன்னபோது, "போய்ட்டு வரட்டும், எனக்குத்தான் ஒரு குழாய் மாட்டத் தெரியல" என்று சண்டை போட்டு அனுப்பியதும் அம்மாதான்.

"அப்ப நீ இங்க வந்தது அவங்க ஜெயிச்ச சண்டை" என்றார் வார்டனம்மா.

தெருமுனையிலேயே ஓட்டுநரிடம் சொல்லிவைத்தார்: "வண்டியை அணைக்காதீங்க தம்பி. இறக்கி விட்டுட்டு உடனே கிளம்பணும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாப்பத்தேழு பேர் இருக்கு எனக்கு."

வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. அப்பா படியில் உட்கார்ந்திருந்தார். வண்டியைக் கண்டதும் எழ முயன்றார், முடியவில்லை. பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி, வெளிக்கதவு வரைக்கும் தைரியமாக நடந்துபோனாள். அங்கே நின்றுவிட்டாள். உள்ளே பார்க்கவில்லை. திரும்பி இவரைப் பார்த்தாள்.

வண்டிக்கு வெளியே நின்றிருந்த வார்டனம்மா, ஓட்டுநரின் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.