சஹனில் என் பங்கு

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, போனை நீட்டி, "உம்மா, இதக் கொஞ்சம் கேளு" என்றாள். நெல் மில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். நான் தூங்கும்போது அவள் பதிவு செய்தது. என் குறட்டையைக் கேட்டு எனக்கே சிரிப்பு வந்தது. திடீரென்று சத்தம் நின்றது. முடிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். "முடியல, இன்னும் ஓடுது" என்றாள். போனில் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த நேரம் முழுக்க நான் மூச்சே விடவில்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. கடைசியில், தண்ணீரில் முங்கியவள் மேலே வந்தது போல ஓர் இழுப்பு. மறுபடியும் மில் ஓடத் தொடங்கியது.

"விடிய விடிய இப்படித்தான். நீ திரும்ப இழுக்குறியான்னு நான் பாத்துக்கிட்டே படுத்திருக்கேன்" என்றாள் மகள். அழவில்லை. கோபமாகத்தான் சொன்னாள். எனக்குப் பிறந்தவள் வேறு எப்படி இருப்பாள்.

என் பருத்த உடம்பைப் பற்றி ஊரில் ஆளாளுக்கு ஒரு கருத்து உண்டு. எங்கள் ஊர் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில், கடலுக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கிறது. கொள்ளு ரசம் குடி, வெந்தயம் முழுங்கு, சோற்றை நிறுத்து என்று சொல்வார்கள். சொன்ன ஆளின் வீட்டுக்கே விருந்துக்குப் போனால், "என்ன கொறிக்கிறே, நல்லா சாப்பிடு" என்று இன்னொரு கரண்டி வைப்பார்கள். நானும் எல்லாம் செய்து பார்த்தவள்தான். இளைப்பேன். ஒரு பெருநாள் வந்தால் போனதெல்லாம் கூட்டாளிகளோடு திரும்பி வரும். சுகர், பிரஷர், முட்டிவலி மூன்றும் என்னிடம் நிரந்தரமாகக் குடிவந்துவிட்டன. நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுதேன். நெற்றியைத் தரையில் வைத்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆனால் அதற்காகக்கூட நான் கத்தியை நினைத்தது கிடையாது. அந்த ஃபேன் சத்தம்தான் என்னைக் கிளப்பியது.

தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் வயது குறைந்தவர். எடை குறைந்தால்தான் தூக்கத்தில் மூச்சு அடைபடுவது நிற்கும் என்றார். ஒரு தாளில் பை மாதிரி வயிற்றை வரைந்து குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "இந்தப் பெரிய பக்கத்த வெட்டி வெளிய எடுத்துடுவோம்மா. மிச்சம் ஒரு வாழைக்காய் அளவுக்குத்தான் இருக்கும். வெட்டின விளிம்ப ஸ்டேப்ளர் போட்டு மூடிடுவோம்."

ஸ்டேப்ளர் என்றதும் எனக்கு மகளின் பள்ளிக்கூடக் காகிதங்கள்தான் ஞாபகம் வந்தன. "பிரிஞ்சுக்கிட்டா?" என்று கேட்டேன்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. "அபூர்வம்தான். ஆனா கசிஞ்சா உயிருக்கே ஆபத்து. அதனால ஆப்பரேஷன் முடிஞ்சு ஆறு வாரம் நாங்க சொல்றதத் தவிர எதுவும் உள்ள போகக் கூடாது. மொதல்ல தண்ணியா, அப்புறம் கூழா. கெட்டியா ஒரு துண்டு கூட வேண்டாம்."

திரும்பி வரும் வழியில் குறுவை அறுத்த நெல்லை ரோட்டில் பாதியை அடைத்துக் காயப்போட்டிருந்தார்கள். கார் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. தூக்கத்தில் சாவதா, ஆப்பரேஷன் மேஜையில் சாவதா என்ற ஒரே கேள்வி மயிலாடுதுறை வரைக்கும் என் கூடவே வந்தது. ஒல்லியாக வேண்டும், அழகாக வேண்டும் என்ற ஆசையெல்லாம் எனக்கு இல்லை. மகளுக்கு ஒரு நிக்காஹ் முடியும் வரையாவது மூச்சு ஓட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சவுதியில் இருக்கும் கணவரை வீடியோவில் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "நான் லீவு கேக்குறேன். நான் வராம நீ படுக்காதே" என்றார்.

யாருக்கும் சொல்ல வேண்டாம் என்பது என் முடிவு. வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை அறுத்துக்கொண்டாள் என்பார்கள். அதை எந்தத் தொனியில் யார் யார் சொல்வார்கள் என்றுகூட எனக்குத் தெரியும். என் அக்காவிடம்கூட மூச்சு விடவில்லை. அக்காவை நாங்கள் ராத்தா என்போம். என்னைவிடப் பத்து வயது பெரியவள். சொன்னால் குறுக்கே விழுந்து தடுத்திருப்பாள், அல்லது ஜமாஅத்தில் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பாள். எல்லாம் முடிந்து வீடு திரும்பிய பிறகு, "திடீர்னு வயித்து வலி, பித்தப்பையில கல்லுன்னு உடனே எடுத்துட்டாங்க" என்று சொல்வதாக மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டோம். லேப்ராஸ்கோப்பி ஓட்டைகள் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும் என்று என் மகள் கண்டுபிடித்துச் சொன்னாள். பெரிய சாமர்த்தியசாலிகள் என்று எங்களுக்கு நினைப்பு.

ஆப்பரேஷன் அன்று நர்ஸ் என் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னாள். அது வருஷக்கணக்காக இருந்த இடத்தை விட்டு வரமாட்டேன் என்றது. அவள் சோப்பு போட்டுத் திருகிக்கொண்டிருந்தபோதுதான் நான் முதல்தடவையாகக் கதவைப் பார்த்தேன். எழுந்து போய்விடலாம், இன்னும் ஒன்றும் ஆகவில்லை, செருப்பு கதவுக்கு வெளியேதான் கிடக்கிறது. வாசலில் கணவர் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காத மாதிரி நின்றார். மகள் மட்டும் நேராகப் பார்த்தாள். தியேட்டர் குளிர்ந்து கிடந்தது. கலிமாவைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். எந்த இடத்தில் விட்டேன் என்று தெரியாது.

விழித்தபோது இடது தோள்பட்டை வலித்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் கேட்டால் ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தார்கள். அன்றைக்கே எழுப்பி நடக்கவும் வைத்தார்கள். மருந்துத் தண்ணீரைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்து, கசிவு இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் என் கணவர் ஒரு டீ குடிக்கக் கீழே இறங்கினார். "காய்ச்சல் வந்தாலோ, நெஞ்சு படபடன்னு அடிச்சாலோ, தாங்க முடியாம வலிச்சாலோ யோசிக்காம கெளம்பி வந்துடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். அதன் பிறகு என் நெஞ்சு சாதாரணமாக அடித்தாலும் எனக்குச் சந்தேகம்தான். மருந்துக்குத் தரும் சின்ன மூடியில் தண்ணீரை ஊற்றி, பூனை மாதிரி நக்கி நக்கிக் குடித்தேன். லீவு முடிந்து கணவர் கிளம்பிப் போனார்.

நாங்கள் பேசி வைத்த பொய்யில் ஓர் ஓட்டை இருந்தது. எங்கள் ஊரில் பித்தப்பை எடுக்காத வீடே கிடையாது. ராத்தாவே எடுத்தவள். பார்க்க வரும்போது ஒரு தூக்கு நிறைய ஆட்டிறைச்சி ஆணம் கொண்டுவந்தாள். ஆணம் என்றால் குழம்பு. "கல்லு எடுத்தவ எதுக்கு இப்படிக் கஞ்சித் தண்ணியக் குடிச்சுக்கிட்டுக் கெடக்குறே. நான் ஒரு வாரத்துல பரோட்டா சாப்பிட்டேன்" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அதைவிட, அந்த ஆணத்தின் வாசனைக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் போன பிறகு மகள் அதை ரசித்துச் சாப்பிட்டாள்.

ராத்தா கொண்டுவந்தது ஆணம் மட்டும் இல்லை, ஒரு சேதியும்தான். அவள் மகளுக்கு நிக்காஹ் ஏற்கெனவே பேசியாகியிருந்தது. இரண்டு மாதம் தள்ளி என்று கணக்குப் பண்ணித்தான் நான் ஆப்பரேஷனுக்கு நாள் வாங்கியிருந்தேன். மாப்பிள்ளை துபாயில் வேலை. கம்பெனிக்காரன் லீவை முன்னால் இழுத்துவிட்டான். இப்போது விட்டால் அடுத்த வருஷம்தான். ஆகவே நிக்காஹும் முன்னால் வந்துவிட்டது. எனக்கு ஆப்பரேஷன் ஆகி நாலாவது வாரத்தில். "நீ வராம என் பொண்ணுக்கு நிக்காஹ் இல்ல" என்றாள் ராத்தா. எங்கள் உம்மா இருந்து நிற்க வேண்டிய இடத்தில் நான்தான் நிற்க வேண்டும். போகாமல் இருக்க முடியாது.

எங்கள் கல்யாணங்களில் வாழை இலை கிடையாது, சஹன்தான். பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, மேலே கறியை வைத்து, சுற்றிலும் நாலைந்து பேர் விரிப்பில் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். அவரவர் முன்னால் இருப்பது அவரவர் பங்கு. பக்கத்து ஆளின் பக்கம் கறித்துண்டு குறைந்தால் நம் பக்கத்திலிருந்து தள்ளி வைப்பது மரியாதை. ஒருத்தர் எழுந்தால் மற்றவர்கள் பசியோடு கையை எடுக்க நேரும் என்று, கடைசி ஆள் முடிக்கும் வரை யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். இது எனக்கு வசதி என்றுதான் நினைத்தேன். இலை என்றால் மிச்சம் காட்டிக்கொடுக்கும். ஒரே தட்டில் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று யார் கண்டது. மகள் என்னை ஒட்டி உட்கார்ந்து என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடுவாள். நான் விரலைச் சோற்றில் அளைந்துகொண்டு வாயை அசைத்தால் போதும்.

மண்டபத்தில் பெண்கள் பகுதிக்குள் நுழைந்ததும் ராத்தா என் திட்டத்தை ஒரே நிமிஷத்தில் முடித்துவிட்டாள். என் மகளைத் தண்ணீர் ஊற்ற அனுப்பினாள். என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் மாப்பிள்ளையின் உம்மாவோடு ஒரே சஹனில் உட்கார வைத்தாள். பெண் வீட்டில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

அந்த அம்மா நல்ல மாதிரி. அதுதான் பிரச்சினை. கெட்டவர் என்றால் சமாளித்திருப்பேன். பிஸ்மில்லா சொன்னோம். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவர் தன் பக்கத்திலிருந்து ஒரு நல்லிக்கறியை என் பக்கம் தள்ளினார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மற்ற இரண்டு பெண்களும் அவரைப் பார்த்து ஆளுக்கொரு துண்டு தள்ளினார்கள். என் பங்கு குறைவதற்குப் பதிலாக மேடாகிக்கொண்டே போனது. ராத்தா என் பின்னால் வந்து நின்றாள்.

"சாப்பிடவே மாட்டேங்குறாங்களே" என்றார் அந்த அம்மா.

"கல்லு எடுத்த பயம் இன்னும் போகல" என்று ராத்தா சிரித்தாள். "நீங்க குடுத்தா சாப்பிடுவா."

அவர் கறியை எலும்பிலிருந்து பிய்த்தார், சோற்றோடு சேர்த்துப் பிடித்தார், "வாயத் தொறங்க சம்பந்தி" என்று என் உதட்டருகே கொண்டுவந்தார். புதுச் சொந்தத்துக்கு முதல் கவளம். என் வாய் திறந்துகொண்டது.

நெய்யும் ஏலக்காயும் நாக்கில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன். இத்தனை வாரம் கழித்து வாய்க்குள் சோறு. மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன். கறி நார் நாராகப் பிரிந்ததே தவிர கரையவில்லை. விழுங்கு என்று தொண்டை இழுத்தது. ஸ்டேப்ளர் போட்ட அந்த விளிம்பு என் கண்முன் நின்றது. துப்பினால் ராத்தாவின் முகம் என்னாகும். அவள் மகள் நாளைக்கு இந்த அம்மா வீட்டில்தான் வாழப் போகிறாள். விழுங்கினால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆகாமல் போகலாம் என்று என்னால் சொல்ல முடிந்ததே தவிர, ஆகாது என்று சொல்ல முடியவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. மண்டபத்தின் அந்தக் கோடியில் தண்ணீர் ஜக்கோடு என் மகள் அப்படியே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடது கையில் துப்பினேன்.

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கை சோற்றிலேயே நின்றது. "கறி வேகலையா?" என்றார் அந்த அம்மா. குரலில் சூடு ஏறியிருந்தது. ராத்தா என் தோளை அழுத்தினாள், வலிக்கும்படி.

"கறி நல்லாத்தான் வெந்திருக்கு" என்றேன். "என் வயித்துலதான் எடம் இல்ல. எனக்குக் கல்லெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. உடம்பக் கொறைக்க வயித்தயே வெட்டி எடுத்துட்டாங்க. நாலாவது வாரம் நடக்குது. இத முழுங்கினா நான் செத்துப்போகலாம்." மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். என் குரல் எப்போதும் பெரிசு. பக்கத்துச் சஹன்களிலும் பேச்சு நின்றுபோனது.

அந்த அம்மா என்னையே பார்த்தார். பிறகு என் பக்கம் மேடாகக் கிடந்த கறியை ஒவ்வொன்றாக மற்றவர்கள் பக்கம் தள்ளினார். "அப்ப எதுக்கும்மா இங்க உக்காந்து கஷ்டப்படுறீங்க. எந்திரிச்சுப் போய்ப் படுங்க. சஹன நாங்க முடிச்சுக்குறோம்" என்றார்.

ராத்தா என்னைத் தூக்கி நிறுத்தினாள். மணப்பெண் அறையில் யாரும் இல்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மானத்தை வாங்கிவிட்டாயே என்று ஆரம்பிப்பாள் என எதிர்பார்த்தேன், பதிலும் தயாராக வைத்திருந்தேன். எனக்கு எப்போதும் பதில் தயாராக இருக்கும்.

"காட்டு" என்றாள்.

நான் முந்தானையை விலக்கினேன். வயிற்றில் அங்கங்கே சிவப்பாக, இன்னும் முழுசாக ஆறாத சின்னச் சின்னத் தழும்புகள். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, ஒவ்வொன்றையும் விரல் படாமல் பார்த்தாள். எங்கள் உம்மா இறந்தபோது உடம்பைக் குளிப்பாட்டியது நாங்கள் இரண்டு பேரும்தான். ராத்தா தண்ணீர் ஊற்ற, நான் கழுவினேன்.

"நீ அந்த மேஜையிலேயே மௌத்தாயிருந்தா, நாந்தானே உன்னக் குளிப்பாட்டியிருக்கணும்" என்றாள். "இதெல்லாம் கல்லு எடுத்த காயம்னு நெனச்சுக்கிட்டே தண்ணி ஊத்தியிருப்பேன்ல."

வெளியே அடுத்த பந்திக்குச் சஹன் வைக்கலாமா என்று யாரோ கதவைத் தட்டினார்கள். ராத்தா திறக்கப் போகவில்லை. என் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிவிட்டு, அதன்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.