தனியத்தானே இருக்கிறியள்

நெத்தலி துப்புரவாக்கிக்கொண்டிருந்தபோதுதான் அக்காவின் மகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். பழைய சிறுகதைகளில் வரும் மனைவிமாரைப் பற்றி வகுப்பில் ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். என் வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்கப் புத்தகங்கள்.

“சித்தி, புருசன் செத்து, இவளுக்குக் கொஞ்சம் மூச்சு வருது எண்டு பார்த்தா, அடுத்த பக்கத்திலேயே இவளையும் சாக்காட்டிப்போடுறாங்கள். ஏன் அப்பிடி?”

நெத்தலி மணத்தோடு பிலோமினா அக்காதான் என் நினைவில் வந்தார்.

புறக்கோட்டையில் ஓர் இறக்குமதிக் கந்தோரில் நான் தட்டச்சுக்காரியாகச் சேர்ந்த காலம் அது. மதியம் அவருடைய சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் நெத்தலிப் பொரியல் இருக்கும். கொட்டாஞ்சேனைக்காரர், என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர், பிள்ளைகள் இல்லை. அவருடைய கணவர் அதே கந்தோரில் பண்டகசாலைப் பொறுப்பாளராக இருந்து, நெஞ்சு வலியில் திடீரென்று இறந்துபோனவர். முதலாளி இரக்கப்பட்டு அக்காவுக்கு ஒரு வேலை கொடுத்தார். துக்கத்துக் கறுப்புச் சட்டையோடு அக்கா வந்து, இரண்டு விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவார். நடுவில் எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வருவார். கண் வீங்கியிருக்கும்.

“நல்ல மனுசன் பிள்ளை,” என்று ஒருநாள் சொன்னார். “அடிச்சதில்ல, குடிச்சதில்ல. ஆனா கலியாணம் கட்டின நாளில இருந்து றோட்டுப் பக்கச் சன்னலை நான் திறந்ததில்ல. தூசி வருமெண்டுவார். அவரை அடக்கம் பண்ணிப்போட்டு வந்த அண்டைக்கே திறந்தனான். அழுதுகொண்டுதான் திறந்தனான்.”

அப்போது எனக்கு எழுத்தாளராகிவிடும் ஆசை. என் கதைகளில் விதவைகள் வெள்ளைச் சேலையோடு மாலை நேரத்தில் கடற்கரைக்குப் போவார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. ஆகவே கடலுக்குள் இறக்கிவிடுவேன். அப்படி ஒன்றைப் பெருமையோடு பிலோமினா அக்காவிடம் வாசிக்கக் கொடுத்தேன். சாப்பிட்ட கையை நக்கிக்கொண்டே வாசித்து முடித்தார்.

“இவள் ஏன் பிள்ளை சாகிறாள்? அடுத்த நாள் இவள் வேலைக்குப் போக வேண்டாமோ?”

கந்தோர் முழுக்கச் சிரித்தது. நான் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

கணவரின் வீடு கணவரின் தமையனுக்குப் போனது. பிலோமினா அக்கா வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒற்றை அறை ஒன்றை வாடகைக்கு எடுத்தார். கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, றேடியோ. ரயில் போகும்போது பீங்கான்கள் கிலுகிலுக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் போனால் சில நாட்கள் கடையில் வாங்கின பாணும் சம்பலும்தான் இருக்கும்.

“சமைக்கப் பஞ்சியா இருந்தா சமைக்கமாட்டன். அது எவ்வளவு பெரிய விசயமெண்டு உமக்கு விளங்காது பிள்ளை.”

கறுப்பை விட்டு ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு நீலச் சேலை கட்டி வந்தார். கந்தோரில் ஒருவர், மனுசன் செத்தது இவவுக்கு மறந்துபோச்சுப்போல என்றார். அக்கா காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்து, “மறக்கேல்ல,” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டத் தொடங்கினார். அப்போதெல்லாம் பத்து விரலும் ஓடும். முதலாளியின் கடிதங்கள் எல்லாம் அவரிடம்தான் வரும்.

பிலோமினா அக்காவின் தம்பி கந்தோர் வாசலுக்கு வந்த நாளில் மழை பெய்துகொண்டிருந்தது. கொலன்னாவையில் இருந்தவர். மனைவி காய்ச்சலில் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அந்தப் பெரிய மனிதர் வாசலில் நின்று விம்மினார்.

“அக்கா, நீங்கள் தனியத்தானே இருக்கிறியள்.”

வேலை, அறை, றேடியோ, சமைக்காத ஞாயிறுகள் எல்லாம் அவர் கண்ணுக்கு வெறும் இடமாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். அன்று பின்னேரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா சொன்னார்: “அதட்டிக் கூப்பிட்டிருந்தா போயிருக்கமாட்டன். அழுதல்லோ கூப்பிடுறான்.” பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் திரும்பி வந்துவிடுவதாகவும் சொன்னார். அடுத்த வாரமே அவருடைய கதிரையில் வேறொரு பெண் இருந்தாள்.

தம்பி மறுபடி கலியாணம் கட்டினார். வந்தவளும் நல்லவள்தான், வேலைக்குப் போகிறவள். மேலும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். எல்லாருக்கும் இந்த மாமி வேண்டியிருந்தது. யாரும் அவரைப் பிடித்து வைக்கவில்லை. போகச் சொல்லவும் ஒருவரும் இல்லை.

பல வருடங்களுக்குப் பிறகு கடையில் வாங்கிய ஒரு கதைப் புத்தகத்தோடு அக்காவைப் பார்க்கப் போனேன். கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பின்னால் தம்பியின் வீடு. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர் புத்தகத்தை வாங்கவில்லை. “எங்க பிள்ளை நேரம்?” என்றார். பஸ் நிற்கும் இடம்வரை கூட வந்தார்.

“இன்னும் எழுதுறீரோ?”

“இல்லையக்கா. எப்பவோ விட்டுட்டன்.”

“நீர் இனி எழுதினா, அந்தக் கடற்கரைக்குப் போனவளைச் சாக்காட்டிவிடும். நான் அப்ப தெரியாமக் கேட்டுட்டன்.”

பகிடியாகச் சொல்கிறாராக்கும் என்று முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இல்லை.

போன வருடம் களுபோவில ஆஸ்பத்திரியில் அவர் இறந்தார். பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலில் அவர் அன்பு மனைவியாக இருந்தார், பாசமிகு சகோதரியாக இருந்தார், நாலு பேரின் அன்பு மாமியாக இருந்தார். வேலை பார்த்தவர் என்று ஒரு சொல் இல்லை.

அக்கா இருந்த வெள்ளவத்தை ஒழுங்கையும் இப்போது வேறு. பழைய வீடுகளை இடித்துப் பெரிய கலியாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். போன மாதம் ஒரு கலியாணத்துக்கு அங்கே போயிருந்தேன். மின்விளக்கும் பூவுமாய் ஒரே வெளிச்சம். நான் மனதுக்குள் வழியை நினைத்துப் பார்த்ததில், மாப்பிள்ளையும் பொம்பிளையும் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த மூலையில்தான் அக்காவின் அறை இருந்திருக்க வேண்டும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் பக்கத்துக் கதிரையில் இருந்த ஓர் அம்மாவிடம் சொன்னேன்: “முந்தி இந்த இடத்தில எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா தனிய இருந்தவ.”

“ஐயோ, பாவம்,” என்றார் அவர்.