முனியாண்டி அண்ணனுக்காக நின்ற மெஷின்

போன வாரம் கோப்பெங் ஊரைத் தாண்டி ஓர் ஆற்றுக்குப் போனோம். ஆறு இருந்தது... தண்ணீர்தான் இல்லை.

எங்கள் ஊர் புந்தோங்கில் என் பக்கத்து வீட்டுக்காரர் சரோஜா அக்கா. கணவர் முனியாண்டியின் அஸ்திக் கலயம் அவர் மடியில் இருந்தது. பிள்ளைகள் இல்லை. கார் ஓட்டியது நான். தன் அம்மாவின் அஸ்தியைக் கரைத்த பாறையடியிலேயே தன்னையும் கரைக்க வேண்டும் — அண்ணன் கடைசியாகக் கேட்டது அதுதான்.

அந்தப் பாறை காய்ந்து கிடந்தது. மேலே தடுப்பணை, கீழே ஒரு சின்ன நீர்மின் நிலையம். ஈயச் சுரங்கக் காலத்திலிருந்து ஓடுகிறது. மழை இல்லாத நாட்களில் ஆற்று நீர் முழுவதும் அதன் குழாய்க்குள் போய்விடும்.

“கீழ போயி கரைச்சிரலாமாக்கா? குழாத் தண்ணி அங்க திரும்ப ஆத்துல சேருது.”

“அவரு கேட்ட எடம் இதுதான் தம்பி.”



தடுப்பணைக்கு ஏறினேன். குழாய் வாயில் அடைத்த இலைகளை வாரிக்கொண்டிருந்தார் ஆபரேட்டர் அந்தோணி. விஷயத்தைச் சொன்னேன்.

“தண்ணிய ஆத்துல விட்டா அங்க மெஷின் நின்னுரும் அண்ணே. நானா செய்ய முடியாதுலா. போஸ்ஸ கேக்கணும்.”

போனில் முதலாளியிடம் மலாயில் பேசினார். திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

“இறந்தவரு பேரு என்னான்னு கேக்குறாரு.”

சொன்னேன். அவர் நிறுத்தி நிறுத்திப் போனில் சொன்னார். மறுமுனையில் ஏதோ ஒரு வார்த்தை.

“விடச் சொல்லிட்டாரு. அக்காவ கரையிலயே நிக்கச் சொல்லுங்க.”

நான் அக்காவிடம் இறங்கி வந்ததும் சைரன் ஊதியது. அந்தோணி குழாயின் கதவை மூடினார். அணையைத் தாண்டித் தண்ணீர் இறங்கியது — முதலில் சருகும் நுரையும், பிறகு தெளிவாக.

பாறையடியில் அக்கா குனிந்து கலயத்தைச் சாய்த்தார். அதுவரை அழாதவர்.

“அம்மாகிட்ட போயிருங்க,” என்றார். குரல் உடைந்தது. மேலே அந்தோணி சிலுவை போட்டுக்கொள்வது தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்தார்.

“மெஷின மறுபடி ஓட்டலாமாக்கா?”

“இன்னும் கொஞ்சம் ஓடட்டுமே தம்பி...”

அந்தோணி பாறையில் உட்கார்ந்தார். அவர் போன் அடித்தது. எடுக்கவில்லை.

ஒரு மின் நிலையம் என்ன கொடுத்தது என்பதை யூனிட்டில் எழுதுவார்கள். அன்று அது கொடுத்ததை எதில் எழுதுவது?

ஊர் திரும்பியதும் விசாரித்தேன் — எங்கேயும் ஒரு விளக்குகூட அணையவில்லையாம்.